மார்ச்சுல எடுத்த பல்லு

வேண்டாங்க சார், நீங்க சாப்பிடுங்க. வேர்க்கடலைன்னா எனக்கு உசிரு. ஆனா இப்ப கடிக்க முடியாது. இடது பக்கம் மேல ஒரு கடவாப்பல்லு, நாக்கு பட்டாலே மண்டை வரைக்கும் இழுக்குது. வலது பக்கத்துல ரெண்டு பல்லு மேல தொப்பி மாதிரி கேப் போட்டிருக்கு, அதை நம்பிக் கடலை கடிக்காதீங்கன்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லியிருக்காங்க. ஆக ரெண்டு பக்கமும் லீவு. காலைல ரெண்டு இட்லியைக் காப்பியில ஊறப்போட்டுச் சாப்பிட்டுட்டு வந்தேன். சிரிக்காதீங்க, நல்லாத்தான் இருக்கும்.

அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் இழுத்து விடறீங்களா? காத்து பட்டா ஜாஸ்தி ஆகுது. ம், போதும். நீங்க கிருஷ்ணகிரியா? நான் ஓசூர். பொண்ணு வீடு. எங்க வீட்ல அங்கதான் இருக்கா, கூட்டிட்டு வரப் போறேன். சேலத்துக்கு.

டிசம்பர்லேருந்து வலிக்குது சார். இது ஏப்ரல். ஏன் காட்டலைன்னு எல்லாரும் கேட்டாச்சு, எதிர் வீட்டுக்காரர் கேட்டாச்சு, பால் போடறவர் கேட்டாச்சு. காட்டாம இல்லை. காட்டறதுக்கு நேரம் பாத்திருக்கேன். பல்லுன்னா வலிச்ச உடனே ஓடறதுன்னு ஜனங்க நினைக்கறாங்க. அப்படி ஓடினா காசைக் கொட்டிட்டுத்தான் வரணும். பல்லுக்கு ஒரு வருஷக் கணக்கு இருக்கு. உங்க கம்பெனில இன்சூரன்ஸ் உண்டா? பல்லுக்கு உண்டான்னு பாத்து வெச்சுக்குங்க.

எங்களுக்கு உண்டு. நான் ஃபேக்டரில ஸ்டோர்ஸ்ல முப்பத்தஞ்சு வருஷம். ரிட்டையர் ஆனப்புறமும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கம்பெனியே இன்சூரன்ஸ் கட்டுது. ஆஸ்பத்திரில படுத்தா அது தனி. பல்லுக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இருபத்தஞ்சாயிரம் லிமிட். ஏப்ரல் ஒண்ணாந்தேதிலேருந்து மார்ச் முப்பத்தொண்ணு. தாண்டினா கைக்காசு. மிச்சம் வெச்சா போச்சு, அடுத்த வருஷத்துக்கு வராது. அப்புறம் முக்கியமா, வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எஸ்டிமேட் வாங்கி அனுப்பி, அப்ரூவல் வரணும். நாமளா செஞ்சுட்டு பில்லை நீட்டினா செல்லாது. இவ்வளவுதான். பாதிப் பேருக்கு இதுவே தலை சுத்தும். எனக்குச் சுத்தாது.

ஏன்னா ஸ்டோர்ஸ்ல இருந்தவனுக்கு மார்ச் மாசம்னா என்னன்னு தெரியும். கொடுத்த பட்ஜெட்ல மிச்சம் இருந்துச்சுன்னா மேலிடத்துக்குத் திரும்பிப் போயிடும், அடுத்த வருஷம் குறைச்சுக் கொடுப்பான். அதனால மார்ச்சு இருபதுக்கு மேல எதையாவது வாங்கி ரொப்பிடணும். ஒரு வருஷம் எழுபது துடைப்பம் வாங்கினோம். இன்னொரு வருஷம் பூட்டு. சாவியோட நூத்தம்பது பூட்டு. பூட்டறதுக்கு அவ்வளவு கதவு இல்லை அந்த ஃபேக்டரில. ஆனா ஒரு ரூபா திரும்பிப் போகலை. மானேஜர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

அந்தப் புத்திதான் பல்லுலயும். எனக்கு முதல் ரூட் கேனல் வந்தப்ப என்ன பண்ணேன், மார்ச்சு கடைசில ரூட் கேனல், ஏப்ரல் முதல் வாரத்துல கேப். ரெண்டு வருஷத்து லிமிட்டுல பிரிச்சுப் போட்டேன். கையிலேருந்து சல்லிக்காசு போகலை. பென்ஷன்காரங்க சங்கத்துல இதை ஒரு கூட்டத்துலயே எழுந்து சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். கை தட்டினாங்க.

சுலோசனாவுக்கும் அப்படித்தான் போட்டேன் கணக்கு. எங்க வீட்டுக்காரி பேரு சுலோசனா.

அவளுக்கு மேல் முன்பல்லு நாலு, எடுத்தது போன வருஷம். அதுக்கு முந்தின வருஷம் ஐப்பசிலயே ஆடுதுன்னா. ஈறுல ரத்தம் வருதுங்கன்னா. வலிக்குதான்னு கேட்டேன், வலி இல்லை, ஆட்டம்தான்னா. வலி இல்லைல்ல, அப்ப பொறுத்துக்கலாம்னு இருந்தேன். தப்பில்லையே சார். ஜனவரில எனக்கு ரெண்டாவது பல்லு வலி எடுத்துடுச்சு, வலின்னா பொறுக்க முடியுமா, ரூட் கேனல், கேப் எல்லாம் பண்ணினதுல லிமிட்ல பெரும்பங்கு போயிடுச்சு. மிச்சம் கொஞ்சம்தான் நின்னுது. மார்ச்சுல அவளைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா பாத்துட்டு, "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டைக் காப்பாத்தியிருக்கலாம் அங்கமுத்து சார், இப்ப நாலையும் எடுத்துட்டுத்தான் கட்டணும்"னாங்க. டாக்டருங்க எப்பவுமே அப்படித்தான் சொல்வாங்க, நாம என்னைக்குப் போனாலும் அதுக்கு ஆறு மாசம் முன்னாடி போயிருக்கணும்.

சரி, எடுத்தா எவ்வளவு, கட்டினா எவ்வளவுன்னு கேட்டேன். நம்பவே மாட்டீங்க சார், எடுக்கறதுக்கு ஆகற செலவும் லிமிட்ல மிச்சமிருந்த தொகையும் கிட்டத்தட்ட ஒண்ணு. கட்டறதுக்கு எப்படியும் ஈறு ஆற ரெண்டு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள ஏப்ரல் வந்துடும், புது லிமிட் வந்துடும், மொத்தமா அதுல கட்டிக்கலாம். அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்துடுச்சு. மார்ச்சு இருபத்தேழுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவ சொன்னா, "வைகாசில உமா வீட்டு கிரகப்பிரவேசம் வருதே. அது முடிஞ்சு எடுத்துக்கறேனே"ன்னா. உமாராணி எங்க பொண்ணு, ஓசூர்ல வீடு கட்டியிருந்தாங்க. நான் சொன்னேன், வைகாசி வரைக்கும் மார்ச்சு நிக்குமா? மிச்சத் தொகை லேப்ஸ் ஆகும், அப்புறம் எடுக்கறது கட்டறது எல்லாத்தையும் ஒரே லிமிட்ல போட்டா தாண்டும். "அப்ப அதுவரைக்கும் கழட்டி மாட்டற பல்லாவது வாங்கிக் கொடுங்களேன், டாக்டரம்மா சொன்னாங்களே"ன்னா. அது கைக்காசு சார். ரெண்டு மாசத்துக்கு ஒரு பல்லு, அப்புறம் தூக்கி எறியணும். எவன் பாக்கப் போறான் உன் வாயைன்னு கேட்டேன்.  சரின்னா. எப்பவும் சரின்னுதான் சொல்வா, நல்ல குணம்.

கிரகப்பிரவேசம் நல்லா நடந்துச்சு. சம்பந்தி வீட்டு ஜனமே இருநூறு பேர். இவ பாவம், அன்னைக்குப் பூரா சமையக்கட்டை விட்டு வெளிய வரலை. அவ்வளவு வேலை. கேட்டரிங்தான் சொல்லியிருந்தாங்க, ஆள் பத்துப் பேர் வந்திருந்தாங்க, இருந்தாலும் இவ அங்கயே நின்னா. ஃபோட்டோகிராஃபர் வந்து, அம்மா எங்க, அம்மாவைக் கூப்பிடுங்கன்னு நாலு தடவை கேட்டுட்டான். பால் அடுப்புல இருக்குன்னு சொல்லியனுப்பிட்டா. ஆல்பத்துல ஒரு ஃபோட்டோல கூட அவ இல்லை. கடைசிப் பக்கத்துல ஒண்ணுல முந்தானை தெரியுது, நான்தான் கண்டுபிடிச்சேன். உமாவுக்கு அதுல கோபம். என்கிட்ட பேசாம இருந்தா ஒரு வாரம். என்கிட்ட எதுக்குக் கோபம்னு எனக்குப் புரியலை.

தர்மபுரி வந்தாச்சா? அஞ்சு நிமிஷம் நிக்கும். இறங்கறீங்களா? டீ வேண்டாம் சார், சூடும் ஆகாது. வெந்நீரை ஆறவெச்சு பாட்டில்ல கொண்டாந்திருக்கேன்.

எங்க விட்டேன்? ஆங், ஜூன். அந்த ஏப்ரல்ல கம்பெனி இன்சூரன்ஸ்காரனை மாத்திட்டான் சார். பழைய ஆள் போய் புது ஆள். லிமிட் அதேதான், பாலிசி மட்டும் புதுசு. நான் ஜூன்ல எஸ்டிமேட்டை அனுப்பறேன், பத்து நாள்ல பதில் வருது. என்னன்னு? பாலிசி ஆரம்பிக்கற தேதிக்கு முன்னாடியே இல்லாத பல்லுக்கு மாத்துப் பல்லு கட்ட நாங்க பணம் தர மாட்டோம். ஏப்ரல் ஒண்ணாந்தேதி அந்தம்மா வாயில அந்த நாலு பல்லு இல்லை. எடுத்தது மார்ச்சு இருபத்தேழு. அஞ்சே அஞ்சு நாள் சார். அந்தப் பல்லு அஞ்சு நாள் கூட வாயில ஆடிட்டிருந்தா எல்லாம் கிடைச்சிருக்கும்.

லெட்டரை சத்தமா அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "அப்ப எனக்குப் பல்லு இல்லையா?"ன்னா. இல்லைன்னு யார் சொன்னது, இது அக்கிரமம், இதை விடமாட்டேன்னேன். அப்ப அவ சொன்னா, "எங்கம்மா கொடுத்த பணம் என் பேர்ல டெபாசிட்ல இருக்கே, அதை எடுத்துக் கட்டிக்கறேங்க". ஓசூர்லேருந்து மாப்பிள்ளையும் ஃபோன் பண்ணி, நான் கட்டறேன் மாமான்னார். நல்ல மனுஷன்தான், ஆனா மாப்பிள்ளை காசுலயா பல்லு கட்டறது? அதோட, யார் காசுல கட்டினாலும் கேஸ் செத்துப்போச்சு சார். அப்ரூவல் இல்லாம கட்டிட்டா அப்புறம் அப்பீல் எதுக்கு? பல்லுதான் இருக்கேன்னுடுவான். பல்லு இல்லாம இருக்கறதுதான் நம்ம ஆதாரம். அதை அவகிட்ட நல்லா விளக்கிச் சொன்னேன். உன் வாய்தான் எனக்கு எவிடென்ஸ்னு சொன்னேன். கேட்டுக்கிட்டா.

எழுத ஆரம்பிச்சேன். பதினோரு லெட்டர் சார். எல்லாம் ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோட. கம்பெனி பெர்சனலுக்கு, இன்சூரன்ஸ்காரனுக்கு, அவன் மேலதிகாரிக்கு, குறைதீர்க்கற ஆபீசுக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி உக்காந்து எழுதி, அவளுக்குப் படிச்சுக் காட்டுவேன். கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேப்பா. ஒரு நாள் கேட்டா, "இத்தனை பக்கத்துல என் பேரையே காணோமே". சார்ந்திருப்பவர்னு போட்டிருந்தேன். சட்டத்துல அப்படித்தான் சார் போடணும், பேரைப் போட்டா என்னமோ சொந்த விஷயம் மாதிரி ஆயிடும்.

அந்தச் சமயத்துல அவ கொஞ்சம் கொஞ்சமா பேச்சைக் குறைச்சுட்டா. முன்பல்லு இல்லைன்னா காத்து போயிடுதாம், வார்த்தை வழுக்குதாம். செவ்வாய்க்கிழமை கோயில்ல விளக்குப் பூஜை, இருபது பொம்பளைங்களுக்கு இவதான் முன்னால உக்காந்து பாடுவா, அதை விட்டுட்டா. காய்காரன் வந்தா வாசலுக்குப் போகமாட்டா, என்னைப் போகச் சொல்வா. பேரன் வீடியோல கூப்பிட்டா ஃபோனை என் பக்கம் திருப்பிடுவா. சிரிப்பு வந்தா கையை வெச்சுப்பா. அப்புறம் சிரிப்பும் வரலை. வீடு அமைதியா இருந்துச்சு. எனக்கு எழுத வசதியா இருந்துச்சுன்னு நினைச்சேன் சார். நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்.

தீபாவளிக்கு ஓசூர் போறோம்னு முடிவு. பாத்தா, தீபாவளி முடிஞ்ச திங்கக்கிழமை சென்னைல எனக்கு ஹியரிங் போட்டுட்டான். கட்டு கட்டா பேப்பர் ரெடி பண்ணணும். நீ போயிட்டு வா, நான் இந்த வேலையை முடிக்கறேன், உனக்காகத்தானே பண்றேன்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டேன். இதே ஆறரை மணி பஸ்தான். பத்து நாள்ல வரேன்னா. ரெண்டு வாரத்துக்கு மாவு அரைச்சு வெச்சுட்டுப் போனா. பத்து நாளுக்கு எதுக்கு ரெண்டு வாரத்து மாவுன்னு கேட்கணும்னு அப்ப எனக்குத் தோணலை.

வரலை. கார்த்திகை வரலை. பொங்கலுக்கு வருவான்னு வாசலுக்குக் கோலப்பொடி எல்லாம் வாங்கி வெச்சிருந்தேன், வரலை. ஃபோன் பண்ணினா உமாதான் எடுப்பா. அம்மா குளிக்கறா, அம்மா கடைக்குப் போயிருக்கா. பேச்சு வழுக்குதுன்னு கூச்சப்படறா போலன்னு நான் கம்முனு விட்டுட்டேன். கேஸ் முடியட்டும், பல்லைக் கட்டி விட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு இருந்தேன்.

டிசம்பர்ல எனக்கு இந்தப் பல்லு ஆரம்பிச்சுது. அந்த வருஷ லிமிட்டைத் தொடலை சார், ஒரு பைசா தொடலை. அப்பீல் ஜெயிச்சா அதுலேருந்துதான் அவளுக்கு வரும், அதுல நான் கை வெச்சா அவளுக்குக் குறையுமில்ல. மார்ச்சு முப்பத்தொண்ணு அன்னைக்கு அது அப்படியே முழுசா லேப்ஸ் ஆச்சு. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் லேப்ஸ் விட்டது அது ஒண்ணுதான். சரி, ஏப்ரல்ல புதுசு வந்துச்சே, அதையும் தொடலை. அவளுது முடியட்டும், அப்புறம் மிச்சமிருந்தா எனக்கு. எனக்கென்ன, கடையில பிரெட் விக்குது, பால் இருக்கு.

பகல்ல ஒண்ணும் தெரியாது சார். தபாலாபீஸ், சங்கம், அங்க இங்கன்னு ஓடிடும். ஆறு மணிக்கு மேலதான் கஷ்டம். அவ இருந்தப்பயும் கடைசியில பேச்சு இல்லைதான், ஆனா அது வேற இது வேற. அப்ப குக்கர் விசில் அடிக்கும், வளையல் சத்தம் கேக்கும், குழாயைத் திறந்து விட்டுட்டு அணைக்க மறந்துடுவா, நான் கத்துவேன். இப்ப குழாய் எல்லாம் இறுக்கி மூடித்தான் இருக்கு. எட்டு மணிக்கு அவ பாக்கற சீரியலைப் போட்டு விட்டுடறேன். அதுல யாரு மாமியார் யாரு மருமகள்னுகூட எனக்குத் தெரியாது. லெட்டரை எழுதிட்டு சத்தமா படிப்பேன். பழக்கம். படிச்சு முடிச்சா அந்தப் பக்கம் ம்னு சொல்ல ஆள் இல்லை. ரொம்பத் தனியா இருக்கு சார், சொல்றதுக்கென்ன வெக்கம்.

போன வியாழக்கிழமை வந்துச்சு லெட்டர். ஜெயிச்சுட்டேன். எடுத்த தேதில கம்பெனி பாலிசி தொடர்ந்து அமல்ல இருந்துச்சு, அதனால நடுவுல ஆள் மாறினதைக் காரணம் காட்டறது செல்லாது, நாலு பல்லுக்கும் இந்த வருஷ லிமிட்ல முழு அப்ரூவல். சங்கத்துல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். நான் ஒண்ணு வாயில போட்டேன், பல்லுல பட்டு உயிர் போச்சு. இருந்தாலும் முழுங்கிட்டேன்.

உடனே ஓசூருக்கு ஃபோன். உமா எடுத்தா. விஷயத்தைச் சொன்னேன். ஃபோனைப் பொத்திக்கிட்டு யார்கிட்டயோ என்னமோ சொன்னா. அப்புறம், "இருங்கப்பா, அம்மாகிட்ட கொடுக்கறேன்"னா. சுலோசனா பேசினா. "ஜெயிச்சுட்டீங்களா? சந்தோஷங்க"ன்னா. தெளிவாப் பேசினா, நல்ல சிக்னல். வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட், வந்துடறியான்னு கேட்டேன். அதை விட்டுட்டு, "உங்க பேச்சு ஏன் ஒரு மாதிரி இருக்கு, பல்லு வலிக்குதா?"ன்னு கேட்டா. எப்படிக் கண்டுபிடிச்சாளோ. இல்லையே, ஒண்ணும் இல்லையேன்னுட்டேன். சொன்னா, முதல்ல உங்க பல்லைப் பாருங்கம்பா, லிமிட்டை என் பக்கம் திருப்பி விட்டுடுவா. அவளுக்கு அப்படி ஒரு குணம்.

ரெண்டு நாள் கழிச்சு மாப்பிள்ளை வாட்சாப்புல ஃபோட்டோ அனுப்பியிருந்தார். பேரன் பொறந்தநாள். இருங்க, காட்டறேன். கண்ணாடி எங்க வெச்சேன். இந்தாங்க. கேக் வெட்டறான் பாருங்க, அவன்தான் பேரன். இது உமா. ஓரத்துல நிக்கறது மாப்பிள்ளை. நடுவுல பச்சைப் புடவை, அதுதான் எங்க வீட்ல. சிரிக்கறா பாருங்க, வாயைத் திறந்து. பல்லு வரிசையாத் தெரியுதில்ல? இந்தக் காலத்து ஃபோன்ல அப்படித்தானாம் சார், முகத்தையெல்லாம் தானாவே அழகாக்கிடுதாம், சுருக்கத்தை எடுத்துடுது, கறுப்பைச் செவப்பாக்குது. பல்லையும் ஒட்டி விட்டுடும் போல.

அப்படி ஒட்டாதா?

இல்லை, நீங்க சொல்றது சரிதான். மாப்பிள்ளைக்கு ஓரப்பல்லு ஒண்ணு மேல ஏறியிருக்கும். ஃபோன் அழகாக்கறதுன்னா அதையும் இறக்கி வரிசையில வெச்சிருக்கணுமில்ல. அது ஏறினது ஏறினபடியேதான் இருக்கு. அதையும் பெருசு பண்ணிப் பாத்துட்டேன் சார். ரெண்டு ராத்திரி பாத்திருக்கேன். வர்ற சரக்கை முப்பத்தஞ்சு வருஷம் எண்ணி எடுத்து வெச்சவன். நாலு பல்லும் கட்டியாச்சு. நல்ல வேலை. எது சொந்தப் பல்லு எது கட்டினதுன்னு தெரியலை.

எப்பன்னு கேக்கறீங்களா. ஜனவரியா இருக்கும். அவ டெபாசிட்டை உடைச்ச மெசேஜ் என் நம்பருக்குத்தான் வந்துச்சு. பேரனுக்கு ஏதோ நகை எடுக்கறாங்க போலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

தெரிஞ்சுக்கிட்டேவா அப்புறமும் லெட்டர் எழுதினீங்கன்னா? முழுசாத் தெரியும்னு சொல்லமாட்டேன். பாதி தெரியும். ஆனா எழுதறதை நிறுத்தினா அப்புறம் சாயந்தரம் என்ன பண்றது சார்? கேஸ் நடக்கற வரைக்கும் அவ கேஸுக்காக அங்க இருக்கா. கேஸ் இல்லைன்னா எதுக்காக அங்க இருக்கா? அந்தக் கேள்வி வந்துடும். அதுக்கு நான் லெட்டரே எழுதிட்டிருக்கலாம்.

இப்ப அந்த அப்ரூவலை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பல்லு இருக்கற இடத்துல பல்லு இல்லைன்னு கிளெய்ம் பண்ணினா அது பொய்க் கணக்கு, அதை நான் செய்யமாட்டேன். வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட்டையும் கேன்சல் பண்ணணும். அவளுக்கும் எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருக்கும். தெரியட்டும்னுதானே அந்த ஃபோட்டோவை அனுப்ப விட்டிருப்பா.

ம்? அப்ப எதுக்குப் போறேனா?

கூப்பிடத்தான் சார். ஆனா என்ன சொல்லிக் கூப்பிடறது? அதுதான் சேலம் பஸ் ஸ்டாண்டுலேருந்து யோசிச்சுட்டு வரேன். பல்லுக்கு வா, பேங்க்ல கையெழுத்துக்கு வா, ரேஷன் கார்டுல கைரேகை வைக்க வான்னா எனக்குக் கூப்பிட வரும். சும்மா வான்னு கூப்பிட்டுப் பழக்கமே இல்லை. முப்பத்தெட்டு வருஷத்துல அவளை நான் எங்க தேடியிருக்கேன்? அடுத்த ரூம்ல இருப்பா. குரல் கொடுத்தா வருவா. அவ பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை சார், இந்தாம்மான்னாலே வந்துடுவா.

நீங்க சொல்றீங்க, லேசாச் சொல்றீங்க. நீ இல்லாம வீட்ல இருக்க முடியலை, வந்துடுன்னு. இதோ, உங்ககிட்ட சொல்லும்போது வாயில வருது. பக்கத்துல உக்காந்திருக்கறவர்கிட்ட, பேரு கூடத் தெரியாதவர்கிட்ட, நல்லா வருது. நான் தப்புப் பண்ணிட்டேன்மா, அந்தக் கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி ஒரு பல்லு வாங்கிக் கொடுத்திருக்கணும், என்னமோ புத்தி போச்சு. பாருங்க, இதுவும் வருது. இதைச் சொன்னாப் போதுமா சார்? போதும்கறீங்க.

சரி. சொல்லிடறேன். வாசல்லயே சொல்லிடறேன், உள்ள போய் உக்காந்தா காப்பி வந்துடும், பேரன் வந்துடுவான், பேச்சு மாறிடும்.

இருங்க, ஃபோன் அடிக்குது. யாரு இது... சார், அவ நம்பர். உமா நம்பர் இல்லை, அவ நம்பர்லேருந்தே. அஞ்சு மாசமா இதுலேருந்து ஒரு ஃபோன் வந்ததில்லை.

ஹலோ. ஆங், நான்தான். பஸ்லதான் இருக்கேன். காவேரிப்பட்டணம் தாண்டியாச்சுன்னு நினைக்கறேன். பதினொண்ணரை பன்னெண்டு ஆயிடும். இல்லை, சாப்பிட்டேன். இட்லி. கடையிலதான். ம். இல்லைம்மா, வலியெல்லாம் இல்லை. நெரிசல் இல்லை, சீட்டு கிடைச்சுது. ம். சொல்லு. இல்லை, நீ சொல்லு. நானா? ஆமா, ஒண்ணு சொல்லணும்னு... இல்லை, நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். இப்பவே சொல்லட்டா? சுலோசனா... ஒண்ணுமில்லை, பேரைத்தான் சொன்னேன். இல்லை, லைன் கட்டாகலை, இருக்கேன். அது வந்து... என்னன்னா... உன் ஆதார் கார்டு அங்கதான இருக்கு? அதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுடு. ரெண்டு பக்கமும். ஆமா. ரெண்டு போதும்.

ம்.

வெச்சுட்டா சார். எதுக்கு ஜெராக்ஸுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. சரின்னு சொல்லிட்டு வெச்சுட்டா.